பத்துக்குப் பத்து கோலமும் துணியின் பின்பக்கமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில், சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் நான்கு பேர் கூடித் தைத்த ஒரு துணியைப் பற்றிய பதிவு இது. கணக்கு, கோலம், ஊசிவேலை மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கப் பிடித்தவர்களுக்கும், இதே மாதிரி ஒன்றைத் தைக்க இறங்குகிறவர்களுக்கும் உதவட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

பாட்டிக்கு வயது 79. கடைவீட்டில் குடியிருந்த காலத்தில் தினமும் விடியலில் அஞ்சடியில், அதாவது கடை வாசலை ஒட்டிய கூரையுள்ள நடைபாதையில், கோலம் போட்டவர். அடுக்குமாடிக்கு வந்த பிறகும் விடவில்லை, பதினோராம் மாடி நடைபாதையில் தன் கதவுக்கு முன்னால் சின்னதாகப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்புறம் முட்டி வலி வந்து குனிய முடியாமல் போய்விட்டது. அவருடைய மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் முப்பது வருடத்துக்கும் மேலாக ரவிக்கை தைக்கிறார். மூன்றாவது ஆள் அக்காவின் அண்ணன் மகள், படிவம் மூன்று (இடைநிலைப்பள்ளி மூன்றாம் ஆண்டு) மாணவி. நான் இடைநிலைப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், குறுக்குத் தையல் எனக்குப் பல வருடப் பழக்கம்.

"அம்மாவோட கோலத்தத் துணியில தச்சு ஜன்னல்ல மாட்டலாமா?" என்று அக்கா ஒரு நாள் கேட்டதில்தான் இது தொடங்கியது. அந்த ஜன்னல் நடைபாதையைப் பார்த்த கம்பி ஜன்னல். வெளியே போகிறவர்களுக்குத் துணியின் ஒரு பக்கம் தெரியும், உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கு மறுபக்கம் தெரியும். அதனால் முதல் நாளே ஒரு நிபந்தனை வந்துவிட்டது: துணிக்கு முன், பின் என்ற பேதம் இருக்கக் கூடாது. இரண்டாவது நிபந்தனையைப் பாட்டி வைத்தார். சிக்குக் கோலம்தான் வேண்டும், கோடு எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து முடிய வேண்டும், ஒரே கோடாக.

கோலத்தில் கணக்கு இருக்கிறது என்பது புதிய செய்தி இல்லை. தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1974-லேயே கோலங்களுக்கு, மொழிக்கு இலக்கணம் எழுதுவது போல, விதிகள் எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதால், இந்த வேலையில் கணக்குப் பக்கம் எனக்கு ஆச்சரியம் எதுவும் வராது என்றே நினைத்திருந்தேன்.

முதல் இரண்டு வாரம்: கோடு திரும்பி வந்துவிட்டது

நான்தான் 10-க்கு 10 என்று புள்ளி வைத்தேன். அக்காவிடம் ஒரு சதுரச் சட்டம் இருந்தது, எண்ணுவதற்கும் பத்து சுலபம், அதைத் தாண்டி நான் யோசிக்கவில்லை. கோலத்தில் மிக எளிமையான வகையை எடுத்துக்கொண்டோம்: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சாய்வாகப் போகும், ஓரத்துக்கு வந்ததும் கடைசிப் புள்ளியைச் சுற்றி வளைந்து திரும்பும்.

பாட்டி தாளைப் பார்த்துவிட்டு, "சதுரமாவா வைக்கிறீங்க? அப்போ நடுவுல அவுக்கணும்" என்றார். நான் சட்டத்தைக் காட்டி "ஆமாம்மா, சட்டம் சதுரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அவர் சொன்னதில் இரண்டாவது வாக்கியத்தை நான் காதில் வாங்கவே இல்லை.

தாளில் வரைந்த கோலத்தின் மேல் சிவப்புப் பேனாவால் கோட்டைத் தொடர்ந்து போகும் வேலையை அந்த மாணவிப் பெண்ணிடம் கொடுத்தோம், ஊசி போக வேண்டிய வழி அதுதான் என்பதால். கொஞ்ச நேரத்திலேயே பேனா தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது, கோலத்தில் பெரும்பகுதி அப்படியே கருப்பாகக் கிடந்தது. வேறு இடத்தில் தொடங்கினாள், அங்கேயும் அதே கதை. நான் வரைந்ததில்தான் தப்பு என்று நினைத்துப் புதிதாக ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். அதிலும் மாற்றமில்லை. கடைசியில் அவள் வண்ணப் பென்சில் பெட்டியை எடுத்துச் சுற்றுக்கு ஒரு நிறமாகத் தீட்டினாள். சரியாகப் பத்து நிறம் செலவானது.

அடுத்த சனிக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் கோலங்களோடு வந்தாள். 4-க்கு 6 போட்டால் 2 சுற்று. 6-க்கு 9 போட்டால் 3. 5-க்கு 6 போட்டால் ஒன்றே ஒன்று. "டீச்சர், இது எஃப்.எஸ்.டி.பி.தானே?" என்றாள். படிவம் ஒன்றில் மலாயில் படித்த 'ஃபக்தோர் செபுஞ்ஞா தெர்பெசார்', நம் தமிழில் மீப்பெரு பொதுக் காரணி. ஆமாம், அதேதான். ஆப்பிரிக்காவில் அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து வரையும் 'சோனா' படங்களிலும் இதே கணக்கு வருகிறது, மொசாம்பிக்கில் பணியாற்றிய கணித அறிஞர் பவுலுஸ் கெர்டெஸ் அதை விரிவாக எழுதியிருக்கிறார். நான் படித்ததுதான் அது. ஆனால் அந்தச் செவ்வகமும் என் கையில் இருந்த சதுரமும் ஒரே விஷயம் என்று ஒரு பெண் பென்சிலால் கண்டுபிடித்துக் காட்டும் வரை எனக்குத் தோன்றவில்லை.

ஏன் அப்படி ஆகிறது

இதைக் கேரம் பலகையை வைத்து விளக்கினேன். மேசையில் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே விளக்கியதைக் கொஞ்சம் ஒழுங்காக்கி இங்கே எழுதுகிறேன்.

கோட்டை ஒரு கேரம் காய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 45 பாகையில் சாய்வாக ஓடுகிறது, சுவரில் பட்டால் அதே சாய்வில் திரும்புகிறது. புள்ளிக்குப் புள்ளி உள்ள தூரத்தை ஒன்று என்று வைத்தால், 10-க்கு 9 புள்ளிக் கோலம் 10 அகலமும் 9 உயரமும் உள்ள பலகை. காய் இடமிருந்து வலம் போய்த் திரும்பி வர 20 அளவு ஓட வேண்டும், மேலிருந்து கீழே போய்த் திரும்பி வர 18. இரண்டும் ஒரே நேரத்தில் முடிந்தால்தான் காய் தொடங்கிய இடத்துக்கு வந்து அதே திசையில் நிற்கும். 20-க்கும் 18-க்கும் பொதுவாக வரும் முதல் எண் 180. சரி, மொத்தக் கோலத்தில் கோடு எவ்வளவு இருக்கிறது? ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நான்கு சாய்வுக் கோடுகள், ஒவ்வொன்றும் குறுக்காக அரை அளவு. 90 புள்ளிக்கு 180. ஆக ஒரே ஓட்டத்தில் முழுக் கோலமும் தீர்ந்துவிடுகிறது.

10-க்கு 10-இல் என்ன ஆகிறது? குறுக்கே 20, நெடுக்கே 20, காய் 20-லேயே திரும்பிவிடும். மொத்தம் 200 இருக்கிறது. அதனால் பத்து சுற்று. சதுரமாக வைத்தால் அதை விட மோசமாக உடைய வழியே கிடையாது.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

மூன்று வழிகள் மேசைக்கு வந்தன. பத்து சுற்றையும் பத்து நிறத்தில் தைப்பது முதல் வழி. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பாட்டி கேட்டது ஒரே கோடு, அதனால் அதை அப்போதே விட்டோம்.

இரண்டாவது வழியை நான் சொன்னேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கோனிக்ஸ்பர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் தலா ஒரே தடவை கடந்து வர முடியுமா என்ற புதிரைப் பற்றிக் கணித அறிஞர் ஆய்லர் 1736-இல் எழுதியதை வைத்துப் பார்த்தால், எல்லாச் சந்திப்பிலும் இரட்டைப்படைக் கோடுகள் கூடுகிற, துண்டு துண்டாகப் பிரியாத எந்தப் படத்தையும் கை எடுக்காமல் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம். சிக்குக் கோலத்தில் ஒவ்வொரு சந்திப்பிலும் நான்கு கோடு. எனவே 10-க்கு 10-ஐயும் ஒரே நூல் பயணமாகத் தைக்க முடியும், சில சந்திப்புகளில் நேரே போகாமல் திரும்பினால் போதும். பாட்டி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "சந்திப்புல திரும்பினா கோலம் இல்லம்மா. நேரா போவணும்." ஊசி எப்படிப் போனாலும் பார்க்கிற கண் நேரேதான் போகும், அதற்குப் பத்து சுற்றுதான் தெரியும் என்று அக்காவும் சொன்னார். அவர்கள் சொன்னது சரி என்று எனக்கும் பட்டது.

மூன்றாவது, புள்ளியை 9-க்கு 10 ஆக்குவது. சட்டம் சதுரம்தான், ஆனால் ஒரு வரிசைப் புள்ளி குறைவதால் வரும் வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை, ஓரத்துணியில் சரிக்கட்டிவிடலாம் என்று அக்கா சொல்லிவிட்டார். அதையே எடுத்துக்கொண்டோம்.

தையலை முடிவு செய்ய அவ்வளவு நேரம் ஆகவில்லை. கெட்டித்தையலில் முன்பக்கம் சுத்தமாக வரும், பின்பக்கம் நூல் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கனமாகக் கிடக்கும். சங்கிலித் தையலில் இரு பக்கமும் வேறு வேறு உருவம். இரு பக்கமும் ஒன்றாக வர வேண்டும் என்றால் இரட்டை ஓட்டுத் தையல்தான்: முதல் சுற்றில் ஒரு துண்டு (ஒரு தையலின் நீளம்) மேலே, ஒரு துண்டு கீழே என்று ஓட்டிக்கொண்டே போய், இரண்டாவது சுற்றில் விட்ட இடைவெளிகளை நிரப்புவது. ஐரோப்பாவில் இதற்கு ஹோல்பைன் தையல் என்று பெயர், 16-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த உருவப்படங்களில் சட்டைக் கைகளில் இந்த வேலைப்பாடு தெரிவதால். நமக்குப் பக்கத்திலேயே கர்நாடகத்தின் கசூதி வேலையில் 'கவந்தி' என்பதும் இதுதான், முடிச்சே போடாமல் இரு பக்கமும் ஒன்றாக வரும்படி செய்வார்கள்.

துணி, அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள ஐடா துணி. புள்ளிக்குப் புள்ளி 8 கட்டம். துளையைக் கிழிக்காமல் இருக்க மொட்டை முனை ஊசி, 24-ஆம் எண். ஆறு இழையில் இரண்டு இழை பிரித்து எடுத்தோம். ஓரங்கள் முதலில் கூராக வந்தன, அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, அதனால் ஒவ்வொரு ஓர வளைவிலும் இரண்டு துண்டுக்குப் பதில் மூன்று துண்டு வைத்துத் தட்டையாக்கினேன்.

மாதிரித் துணி: தப்பு என்னுடையது என்று நினைத்தேன்

பெரியதைத் தொடும் முன் 5-க்கு 6-இல் ஒரு மாதிரி. என் கணக்குப்படி ஒரு சுற்றுக்கு 262 துண்டு, கோட்டின் நீளம் ஏறக்குறைய 1.2 மீட்டர், இரண்டு சுற்றுக்கு 2.4 மீட்டர் நூல். ஒரே கோடு என்றால் ஒரே நூல் என்ற ஆசையில் முழு நீளத்தையும் கோத்துத் தொடங்கினேன். இந்த ஊர்ப் புழுக்கத்தில், வியர்த்த கையோடு, அவ்வளவு நீள நூலை அத்தனை முறை துளைக்குள் இழுத்தால் அது பஞ்சாகிவிடும், அப்படியே ஆனது. பிரித்துவிட்டு, நூலை 45 சென்டிமீட்டர் நீளங்களாக வெட்டி மறுபடி தொடங்கினேன்.

அடுத்து நடந்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் சுற்று முடிந்து தொடங்கிய துளைக்கு வந்து சேர்ந்தேன். ஊசியில் நூல் மிச்சம் இருந்தது, அதே திசையில் இரண்டாவது சுற்றைத் தொடர நினைத்தேன். ஆனால் அடுத்து விழ வேண்டிய தையல் முன்பக்கம், அங்கே ஏற்கெனவே தையல் இருந்தது. இடைவெளியை நிரப்ப வேண்டிய ஊசி நிரம்பிய இடத்தின் மேல் நின்றது. வழியில் எங்கோ ஒரு துண்டை விட்டுவிட்டேன் என்று முடிவு செய்து முப்பது துண்டு போலப் பிரித்தேன், எண்ணி எண்ணித் தைத்தேன், மறுபடியும் அதே இடத்தில் அதே நிலை. இரண்டாவது முறை இன்னும் பின்னால் போய்ப் பிரித்தேன். ஒரு முழு மாலை போனது. துணியில் துளைகள் தளர்ந்துவிட்டன. எண்ணிக்கையில் நான் தவறுகிற ஆள் இல்லை, அதனால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அக்கா துணியை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். நான் அதுவரை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அவர் எதையும் எண்ணவில்லை. "எங்கயும் விட்டுப்போகல. முன்னால இருக்கற எடமெல்லாம் பின்னால காலி, பின்னால இருக்கறது முன்னால காலி. சரியாத்தான் இருக்கு. நீ ஏன் சுத்திப் போற, போன வழியிலயே திரும்பி வா" என்றார்.

திரும்பினேன், கடைசியாகத் தைத்த துண்டின் மேலேயே, வந்த வழியாக. அது பின்பக்கம் இருந்தது, இப்போது முன்பக்கம் நிரம்பியது. அதற்கு முந்தையது முன்பக்கம் இருந்தது, பின்பக்கம் நிரம்பியது. இப்படியே கடைசி வரை, ஓர் இடத்திலும் இடறாமல் மூடிக்கொண்டு வந்தது.

காரணத்தை அன்றிரவு எழுதிப் பார்த்தேன். மேலே, கீழே என்று மாறி மாறிப் போகும் பயணத்தில் மொத்தத் துண்டுகள் ஒற்றைப்படை என்றால், அதே திசையில் இரண்டாவது சுற்றுப் போகும்போது எல்லாம் தானாக மாறி விழும். இரட்டைப்படை என்றால் முதல் சுற்று விழுந்த இடத்திலேயே மறுபடி விழும். 262 இரட்டைப்படை. ஆனால் திரும்பி வந்தால் ஒற்றையோ இரட்டையோ, எப்போதும் சரியாக விழும். நான் பிரித்ததெல்லாம் சரியாகத் தைத்ததைத்தான்.

அப்போ ஒரு துண்டைக் கூட்டியோ குறைத்தோ ஒற்றைப்படையாக வரைந்திருக்கலாமே என்று நான் சொன்னபோது, பெண் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். "பாருங்க டீச்சர், திருப்பினாலும் அதே படம். ஒவ்வொரு துண்டும் வேற ஒரு துண்டு மேல போய் உக்காருது. எல்லாம் ஜோடி ஜோடியா இருக்கு. ஒத்தப்படை வரவே வராது." ஜோடி இல்லாமல் தனியாக ஒரு துண்டு இருக்க வேண்டும் என்றால் அது சரியாக நட்ட நடுவில் இருக்க வேண்டும். எங்கள் கோலத்தின் நடுவில் இருப்பது ஒரு சந்திப்பு, துண்டின் நடுப்பகுதி இல்லை. ஆகவே கோலத்தின் சமச்சீர்தான் என்னை அந்த இடத்தில் நிறுத்தியது. கோலம் அழகாக இருப்பதற்கும் என் ஊசி மாட்டிக்கொண்டதற்கும் காரணம் ஒன்றேதான். இதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, இத்தனை வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்ததில் இப்படி ஒரு மாலை எனக்கு வாய்த்ததில்லை.

முதல் சுற்று முடிந்ததும் நூலை அறுத்துவிட்டுப் பின்பக்கத்திலிருந்து புதிதாகத் தொடங்கியிருந்தால் இந்தச் சிக்கல் தெரிந்திருக்கவே செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். வேலையும் முடிந்திருக்கும். ஏன் என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றியிருக்காது.

பெரிய துணி

9-க்கு 10-இல் 161 சந்திப்பு, 38 ஓர வளைவு, சுற்றுக்கு 758 துண்டு. போகும் சுற்றைப் பெண் தைப்பது, திரும்பும் சுற்றை நான் தைப்பது என்று பிரித்துக்கொண்டோம். கோட்டின் நீளம் 3.6 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், இரண்டு சுற்றுக்கும் சேர்த்து 7.3 மீட்டர் நூல். நூலை எங்கே முடித்து எங்கே தொடங்குவது என்பது பெரிய கேள்வியாக இருந்தது, பின்பக்கம் என்று ஒன்று இல்லாத துணியில் முடிச்சை ஒளிக்க இடமில்லை. சந்திப்புகளில் ஒளிக்கலாம் என்று தொடங்கினோம். சரிப்படவில்லை. ஒவ்வொரு சந்திப்புத் துளையிலும் இரு பக்கமும் நான்கு நான்கு தையல் கூடுகிறது, துளை இறுகி ஊசி பழைய நூலைப் பிளக்க ஆரம்பித்தது. அப்புறம் ஓர வளைவுகளுக்கு மாற்றினோம். அங்கே நூல் நுனியைத் தைத்த கோட்டின் கூடவே நான்கைந்து தையல் தூரம் நுழைத்துவிட்டால் லேசான தடிப்பு மட்டும்தான், வளைவில் அது கண்ணில் படவில்லை.

மூன்றாவது வாரத்தில் ஒரு பிசகு. பெண் 758 ஆகும் முன்பே தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டாள். நடுவில் ஏதோ ஒரு சந்திப்பில் நேரே போகாமல் திரும்பியிருக்கிறாள், கோலத்தின் ஒரு பகுதி தொடப்படாமல் தனிச் சுற்றாகக் கிடந்தது. அவள் முகம் விழுந்துவிட்டது. பிரிக்கலாமா வேண்டாமா என்று பேசினோம். மாதிரித் துணியில் பிரித்துப் பிரித்துத் துளை தளர்ந்தது நினைவில் இருந்ததால், வேண்டாம் என்று முடிவு செய்தோம். திரும்பும் சுற்றில் நான் அந்தச் சந்திப்புக்கு வரும்போது, விட்டுப்போன சுற்றுக்குள் இறங்கி, ஒரு தடவை போய், அதே வழியில் திரும்பி வந்து, என் பாதையைத் தொடர்ந்தேன். போனதும் வந்ததும் சேர்ந்து எப்போதும் இரட்டைப்படை என்பதால் மேலே கீழே என்ற முறை குலையவில்லை. விட்டுப்போன வளையத்தை வழியில் கோத்துக்கொள்ளும் இந்த உத்தி, ஆய்லரின் கூற்றை முழுமையாக நிறுவிய கணித அறிஞர் ஹியர்ஹோல்சரின் 1873-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருப்பதுதான்.

ஆக, பாட்டி வேண்டாம் என்று சொன்ன இரண்டாவது வழி ஓர் இடத்தில் எங்கள் துணிக்குள் வந்துவிட்டது. அவரிடம் சொன்னோம். துணியை வாங்கிக் கோட்டின் மேல் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தார். எந்த இடம் என்று அவருக்குத் தெரியவில்லை. விரல் எல்லாச் சந்திப்பிலும் நேராகப் போய், தொடங்கிய இடத்துக்கே வந்தது. "சரியா இருக்கு" என்றார்.

என்ன ஆனது

தீபாவளிக்கு முந்தைய வாரம் துணி ஜன்னலில் ஏறியது, பின்தாள் வைக்காமல், இரு பக்கமும் திறந்தபடி. குறைகள் இரண்டு. கீழ்ப்பக்கம் ஆரம்பத்தில் சந்திப்புகளில் நூலை முடித்த இடங்களில் இரண்டு முண்டு தெரிகிறது. சட்டத்தில் இட வலமும் மேல் கீழும் ஓரத்துணி ஒரே அகலமாக இல்லை, அக்கா அதைக் கரையால் மறைத்திருக்கிறார், ஆனாலும் அவர் கண்ணுக்கு அது உறுத்துகிறது. பாட்டி காலையில் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொல்கிறார். பெண்ணுக்குத் தையல் மேல் ஆசை வந்துவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அவளுக்கு ஊசியை விடப் பென்சில்தான் பிடித்திருக்கிறது.

மறுபடி செய்தால்

முதல் மாற்றம், மாதிரித் துணியை ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பேன். நான் இழந்த மாலை முழுக்க, முன்பக்கத்தை மட்டுமே பார்த்து எண்ணிக்கொண்டிருந்த மாலை. சந்திப்பில் நூலை முடிப்பதையும் தொடக்கத்திலேயே தவிர்ப்பேன்.

அதை விடப் பெரியது ஒன்று இருக்கிறது. துணி முடிந்த பிறகுதான் பாட்டியிடம், அன்றைக்கு "நடுவுல அவுக்கணும்" என்று சொன்னீர்களே, அது என்ன என்று கேட்டேன். பேனாவை வாங்கி என் பழைய 10-க்கு 10 தாளில் ஒரு சந்திப்பை அழித்தார். வெட்டிக்கொண்டு போன இரண்டு கோடுகளை, வெட்டாமல் இரண்டு வளைவாக விலக்கி வரைந்தார். அந்த இடத்தில் சந்தித்த இரண்டு சுற்றும் ஒரே சுற்றாகிவிட்டன. இன்னோர் இடத்தில் அவிழ்த்தார், மூன்றாவது சுற்றும் சேர்ந்தது. இப்படியே ஒன்பது இடம், பத்து சுற்றும் ஒன்றாயின. எத்தனை இடத்தில் அவிழ்க்க வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று பெண் கேட்டாள். "எண்ணறதில்லம்மா. கோடு ஒண்ணாவற வரைக்கும் அவுப்பேன்."

சதுரத்தையும் விடாமல், ஒரே கோட்டையும் விடாமல் முடிக்கிற வழி முதல் நாளே அந்த அறையில் இருந்தது. நான் கேட்கவில்லை. இதற்காக வருத்தப்படுகிறேன், அவரிடம் சொல்லியும்விட்டேன்.

இப்போது பெண் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பாட்டி அவிழ்த்த கோலத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பழைய மாதிரி ஒத்து வரவில்லை. வராது என்று அவளே சொல்லிவிட்டாள்: சதுரத்தின் நடுவில் சந்திப்பு இல்லை, வெற்றிடம்தான், அதனால் அவிழ்க்கும் இடங்கள் ஜோடியாகத்தான் அமைய முடியும், ஒன்பது ஜோடி சேராது. பத்து இடத்தில் அவிழ்த்து, ஒரே கோடாகவும் வைத்து, திருப்பினாலும் ஒத்து வரும்படி செய்ய முடியுமா என்பது அவள் கேள்வி. 2-க்கு 2-இல் எத்தனை இடத்தில் அவிழ்த்தாலும் அப்படி வராது என்று எல்லா வழியையும் வரைந்து பார்த்துவிட்டாள். போன சனிக்கிழமை 4-க்கு 4-ஐத் தொடங்கியிருக்கிறாள், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து எந்தச் சந்திப்பை அவிழ்க்கலாம் என்று விரலால் காட்டிக்கொண்டிருக்கிறார்.